ஒரு கால், கால் மணி நேரம்

அக்டோபரில் என் தபால்பெட்டியை இடித்துச் சாய்த்தவள்
ஏப்ரலில் வேலிக்கு அப்பாலிருந்து கூப்பிட்டாள்:
"வெர்னான், ஒரு கால் வேணும்.
கால் மணி நேரம் போதும்."

நடுவில் ஆறு மாதம் நாங்கள் பேசவில்லை.
பனி அள்ளும்போது அவளுடைய மண்வாரியும் என்னுடையதும்
தரையில் உரசிப் பேசிக்கொண்டதோடு சரி.
கதவிடுக்கில் ஒரு காசோலை செருகியிருந்தாள்:
நாற்பத்தோரு டாலர், அறுபது சென்ட்.
கம்பத்துக்குத் தனிக் கணக்கு.

டுலூத்தில் தெருக்கள் போவதில்லை,
ஏரியைப் பார்த்து விழுகின்றன.
அன்று மழை வேறு.
அறுபத்தாறாம் வருட பிளிமத் சாட்டிலைட்,
முந்நூற்று எண்பத்து மூன்று கன அங்குல எஞ்சின்,
நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்.
கிளம்புவதற்கென்றே பிறந்த வண்டி.
நிற்பதைப் பற்றி யாரோ
சாப்பாட்டு இடைவேளையில் யோசித்திருக்கிறார்கள்.
மேலே மூன்று சிக்னல் மிதித்து இறங்கியதில்
மூடிய டிரம்முக்குள் சூடு வெளியேற வழியில்லை.
நான்காவதில்
மிதி கல்லாக நின்றது.
வண்டி நிற்கவில்லை.

ஷெட்டுக்குள் போனேன்.
வாளியில் பழைய பிரேக் ஷூக்கள்,
ரிவெட் தெரியத் தேய்ந்து,
தூசி பறக்காமல் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தாள்.
முன்னால் இரண்டு பக்கமும் புது டிஸ்க்,
அதை நண்டுப்பிடியாகக் கவ்வியபடி காலிப்பர்.
"கிளப்பில் கேலார்ட் சொல்றான்,
ஒரிஜினல் போச்சு, மூவாயிரம் குறையுமாம்."
கையைத் துடைத்துக்கொண்டாள் மார்லிஸ்.
"உன் தபால்பெட்டியும் ஒரிஜினல்தானே."

அவள் வண்டிக்கு அடியில். நான் இருக்கையில்.
தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்கினோம்.
மிதி, என்றாள். மிதித்தேன்.
பிடி. பிடித்தேன்.
விடு.
ஹெர்ரிங் மீன் ஊறிய கண்ணாடி பாட்டிலில்
குழாய் வழியே குமிழ் குமிழாகக் காற்று வந்தது.
மிதி. பிடி. விடு.
ஒருமுறை அவள் சொல்லும் முன்பே விட்டுவிட்டேன்.
வெளியே வந்த காற்றெல்லாம் உள்ளே திரும்பிற்று.
திட்டவில்லை அவள்.
கண்ணை மூடி, சிமெண்ட் தரையில், கொஞ்ச நேரம் கிடந்தாள்.
பிறகு மறுபடி: மிதி.
இது அறுவைசிகிச்சை செய்த முழங்கால் என்று
நானும் சொல்லவில்லை.

நிறுத்தல் என்றால் எடை பார்ப்பதும்தான்.
பிரேக் பிடித்த நொடியில் வண்டி
தன் பாரத்தையெல்லாம் முன்சக்கரத்தில் வைத்து
நிறுத்துப் பார்த்துக்கொள்கிறது.
இதை நான் நினைத்தது மூன்றாவது மணி நேரத்தில்.
வலி அதிகமானால் இப்படி ஏதாவது தோன்றும்.

எல்லாம் முடிந்து சக்கரம் மாட்டினால்
பதினான்கு அங்குல ரிம் காலிப்பரில் உரசுகிறது.
சுற்றவே இல்லை.
மார்லிஸ் ஃபின்னிஷ் மொழியில் ஒரு வார்த்தை சொன்னாள்,
நீளமான வார்த்தை, பாதியில் சிரித்துவிட்டாள்.
ஞாயிற்றுக்கிழமை. கடை இல்லை.
நான் என் ஃபோர்டு ரேஞ்சரைப் பார்த்தேன்.
அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.
பதினைந்து அங்குலம். ஐந்து போல்ட். அதே இடைவெளி.
பிளிமத்துக்கு ஃபோர்டு சக்கரமா என்று
கேலார்ட் கேட்டால் மூச்சு நின்றுவிடும்.

வெளிச்சம் மங்கும்போது மேலே போய்த் திரும்பினோம்.
கீழே ஏரியில் இன்னும் பனிக்கட்டி,
தாதுக் கப்பல் ஒன்று உள்ளே வரக் காத்திருந்தது.
மூன்று சிக்னலிலும் வேண்டுமென்றே மிதித்தாள்.
நான்காவதைத் தாண்டி, என் வீட்டருகே,
ஒரே மிதி.
மூக்கு தாழ்ந்தது, பின்னிருக்கையின் ஸ்பேனர்கள்
முன்னால் உருண்டு வந்து என் குதிகாலைத் தொட்டன.
தபால்பெட்டிக்கு எட்டடி இருந்தது.
எஞ்சின் மட்டும் நம்பாமல் உறுமியது.

"கொஞ்சம் இடப்பக்கம் இழுக்குது," என்றாள்.
"கொஞ்சம்தான்."
"காத்து இருக்கும். நாளைக்கும் அந்தக் கால் வேணும்."

என் வாசலில் ரேஞ்சர்
முன்னங்கால் இரண்டும் இல்லாமல் ஸ்டாண்டில் நிற்கிறது.
நான் எங்கே போகப்போகிறேன்.